வட சைப்ரஸ்: துருக்கி மட்டும் ஏற்றுக்கொண்ட நாடு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் இருக்கும் சைப்ரஸ் தீவின் வடக்குப் பகுதி 1983 முதல் தன்னைத் தனி நாடு என்று சொல்லிக்கொள்கிறது. 'வட சைப்ரஸ் துருக்கியக் குடியரசு' என்பது அது தனக்கு வைத்துக்கொண்ட பெயர். கொடி, நாடாளுமன்றம், போலீஸ், நீதிமன்றம், தேர்தல் எல்லாம் இருக்கிறது. தனி நாடாக ஏற்றுக்கொண்டது துருக்கி மட்டும்தான். இதைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

இது நாடா, இல்லையா?

உள்ளே வாழ்பவருக்கு அது நாடு போலவே இயங்கும். ஐ.நா.வின் கணக்கில் அது சைப்ரஸ் குடியரசின் நிலம், துருக்கிப் படையின் பிடியில் இருக்கிறது. சட்டம் படித்தவர்கள் 1933 மான்டிவிடியோ ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள்: நிலையான மக்கள், எல்லை, அரசு, பிற நாடுகளோடு உறவு வைக்கும் திறன் ஆகிய நான்கும் இருந்தால் நாடு. முதல் மூன்றை வடக்கு எப்படியாவது காட்டிவிடும். ஆனால் சிக்கல் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த அரசு எப்படிப் பிறந்தது என்பதில்தான் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தீவில் இரண்டு சமூகங்கள் எப்படி வந்தன?

கிரேக்க மொழி பேசும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாகப் பெரும்பான்மை. 1571-இல் உதுமானியப் பேரரசு தீவைப் பிடித்த பிறகு துருக்கி மொழி பேசும் முஸ்லிம் சமூகம் உருவானது. 1878-இல் நிர்வாகம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1960-இல் சுதந்திரம் வந்தபோது கிரேக்கர்கள் ஏறக்குறைய 77 சதவீதம், துருக்கியர்கள் 18 சதவீதம். பல ஊர்களில் இரண்டு சமூகமும் கலந்தே இருந்தன.

ஆனால் சுதந்திரப் போராட்டம் என்று சொல்லப்படுவது உண்மையில் சுதந்திரத்துக்கானதே அல்ல. 1955-இல் ஆயுதம் எடுத்த கிரேக்கத் தரப்பின் எயோக்கா இயக்கம் கேட்டது கிரேக்க நாட்டோடு இணைப்பு. துருக்கியத் தரப்பு பதிலுக்குக் கேட்டது தீவைப் பிரிக்க. கடைசியில் கிடைத்த தனிக் குடியரசு இரு தரப்புக்கும் இரண்டாம் பட்சம்தான். இதை மறந்துவிட்டால் பிறகு நடந்தது எதுவும் புரியாது.

1960 அரசியலமைப்பில் என்ன கோளாறு?

காகிதத்தில் கச்சிதம், நடைமுறையில் முட்டுக்கட்டை. ஜனாதிபதி கிரேக்கர், துணை ஜனாதிபதி துருக்கியர், முக்கிய விஷயங்களில் இருவருக்கும் தடுப்புரிமை (வீட்டோ). 50 உறுப்பினர் அவையில் 35 கிரேக்கர், 15 துருக்கியர். அரசு வேலையில் 70-க்கு 30, ராணுவத்தில் 60-க்கு 40. வரிச் சட்டம் நிறைவேற இரு தரப்பிலும் தனித்தனியாகப் பெரும்பான்மை வேண்டும். முக்கிய நகரங்களில் தனித்தனி நகராட்சிகள்.

18 சதவீதத்தினருக்கு 30 சதவீத வேலையா என்று கிரேக்கத் தரப்பு கொதித்தது. இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் எங்களை விழுங்கிவிடுவார்கள் என்று துருக்கியத் தரப்பு அஞ்சியது. இதற்கு மேல் பிரிட்டன், கிரேக்கம், துருக்கி மூன்றும் 'உத்தரவாத நாடுகள்' என்று உள்ளே வந்தன. பிரிட்டன் இரண்டு ராணுவத் தளங்களைத் தன் சொந்த மண்ணாகவே வைத்துக்கொண்டது. அவை இன்றும் அதன் கையில்தான் இருக்கின்றன.

பிரிவினை 1974-இல்தானே தொடங்கியது?

இல்லை. ஒருவர் கதையை எந்த ஆண்டில் தொடங்குகிறார் என்று பார்த்தாலே அவர் எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கிரேக்கத் தரப்பு 1974-இல் தொடங்கும். துருக்கியத் தரப்பு 1963-இல் தொடங்கும். இரண்டு ஆண்டும் வேண்டும்.

1963 நவம்பர் இறுதியில் ஜனாதிபதி பேராயர் மக்காரியோஸ் அரசியலமைப்பில் 13 திருத்தங்களை முன்வைத்தார். துருக்கியருக்கு இருந்த தடுப்புரிமையே அதில் போய்விடும். டிசம்பர் 21-இல் தலைநகர் நிக்கோசியாவில் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. சில நாட்களில் மோதல் தீவு முழுக்கப் பரவியது. இரு தரப்பிலும் உயிர்கள் போயின, துருக்கியர் பக்கம் அதிகம். சுமார் 25,000 துருக்கிய சைப்ரஸ் மக்கள் ஊரை விட்டு ஓடி, தீவின் மிகச் சிறிய பரப்பில் அடைபட்ட தனிக் குடியிருப்புகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அங்கே எரிபொருளும் சிமென்டும் போகக்கூடத் தடை இருந்தது.

அரசிலிருந்தும் துருக்கிய உறுப்பினர்கள் விலகினார்கள். விரட்டப்பட்டார்கள் என்பது அவர்கள் வாதம், தாங்களாகவே போனார்கள் என்பது மறுதரப்பு வாதம். எப்படியோ, 1964 மார்ச் 4-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 186-ஆவது தீர்மானத்தில் 'சைப்ரஸ் அரசு' என்று குறிப்பிட்டபோது, அந்த அரசில் கிரேக்கர்கள் மட்டுமே இருந்தார்கள். அங்கீகாரம் என்னும் சொத்து யார் கைக்குப் போனது என்பதை அந்த ஒரு நாளே தீர்மானித்துவிட்டது என்று நினைக்கிறேன். வடக்கு இன்றுவரை புலம்புவதும் இதைத்தான்.

'பச்சைக் கோடு' என்கிறார்களே, அது என்ன?

1963 டிசம்பர் கடைசியில் பீட்டர் யங் என்ற பிரிட்டிஷ் தளபதி நிக்கோசியா வரைபடத்தில் இரு தரப்புக்கும் நடுவே பச்சைப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1974-க்குப் பிறகு அந்தக் கோடு தீவின் குறுக்கே சுமார் 180 கிலோமீட்டருக்கு நீண்டது. சில இடங்களில் பல கிலோமீட்டர் அகலம், பழைய நிக்கோசியாவில் ஒரு சந்தின் அகலம்கூட இல்லை. நடுவில் ஐ.நா. அமைதிப்படை. பழைய நிக்கோசியா விமான நிலையம் அந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டது. ஓடுபாதையோரம் ஒரு பயணிகள் விமானம் இன்னும் அப்படியே சிதைந்து நிற்கிறது.

சரி, 1974-இல் என்ன நடந்தது?

ஜூலை 15-இல் கிரேக்கத்தை ஆண்ட ராணுவக் கும்பல் சைப்ரஸில் ஒரு ஆட்சிக் கவிழ்ப்பை நடத்தியது. மக்காரியோஸ் உயிர் தப்பி வெளிநாடு போனார். அவர் இடத்தில் நிக்கோஸ் சாம்ப்சன் என்பவரை உட்கார வைத்தார்கள். துருக்கிய சைப்ரஸ் மக்கள் கேட்டாலே நடுங்கிய பெயர் அவருடையது. அன்றைய துருக்கிப் பிரதமர் எசெவித் லண்டனுக்குப் பறந்து, சேர்ந்து தலையிடலாம் என்று கேட்டார். பிரிட்டன் மறுத்தது. ஜூலை 20-இல் துருக்கிப் படை வடகரையில் உள்ள கைரீனியா நகர் அருகே கரை இறங்கியது.

இதுவரைக்கும் துருக்கிக்கு ஒரு வாதம் இருக்கிறது. உத்தரவாத ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு, பழைய நிலையை மீட்பதற்காக மட்டும் ஒரு நாடு தனியாகவும் செயல்படலாம் என்கிறது. ஆனால் ஜூலை 23-இல் சாம்ப்சன் பதவி விலகினார், ஏதென்ஸில் ராணுவ ஆட்சியும் சரிந்தது, சைப்ரஸில் சட்டப்படியான தற்காலிக ஜனாதிபதியாகக் கிளெரிடிஸ் பொறுப்பேற்றார். மீட்க வேண்டியது மீண்டுவிட்டது. அப்புறமும் ஆகஸ்ட் 14-இல், ஜெனீவாப் பேச்சு முறிந்த கையோடு, துருக்கி இரண்டாவது தாக்குதலைத் தொடங்கியது. இரண்டே நாளில் தீவின் 36 சதவீதத்துக்கு மேல் அதன் கையில். முதல் தாக்குதலுக்கு நியாயம் பேசலாம். இரண்டாவதுக்குப் பேச எனக்கு வழி தெரியவில்லை. இன்றைய வட சைப்ரஸின் எல்லை வந்தது இரண்டாவதிலிருந்துதான்.

மக்கள் என்ன ஆனார்கள்?

வடக்கிலிருந்து 1,60,000-க்கும் குறையாத கிரேக்கர்கள் தெற்கே ஓடினார்கள். தெற்கிலிருந்து பல்லாயிரம் துருக்கியர்கள் வடக்கே வந்தார்கள். பலரை 1975 வியன்னா உடன்பாட்டின்படி ஐ.நா.வே அழைத்து வந்து சேர்த்தது. வடக்கின் கர்பாஸ் தீபகற்பத்தில் தங்கிவிட்ட பல ஆயிரம் கிரேக்கர்கள் இன்று சில நூறாகச் சுருங்கிவிட்டார்கள். காலியான வீடுகளில் தெற்கிலிருந்து வந்தவர்களோடு துருக்கியிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களும் குடியேறின. அந்தக் குடியேற்றம் இன்றும் பேச்சுவார்த்தையில் முள்.

1963 முதல் 1974 வரை காணாமல் போனவர்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் 2,002 பெயர்கள்: 1,510 கிரேக்கர், 492 துருக்கியர்.

1983-இல் ஏன் தனி நாடு என்று அறிவித்தார்கள்?

1975-லேயே 'கூட்டாட்சித் துருக்கிய அரசு' என்று ஒன்றை அறிவித்திருந்தார்கள். அதாவது, நாளைக்கு வரப்போகும் கூட்டாட்சியில் இது ஒரு பாதி என்ற கணக்கு. பேச்சு நகரவில்லை. 1983 நவம்பர் 15-இல் தலைவர் ரவூஃப் டெங்க்டாஷ் முழுக் குடியரசாகவே அறிவித்துவிட்டார். மூன்றே நாளில் பாதுகாப்பு அவை 541-ஆவது தீர்மானத்தில் அந்த அறிவிப்பு சட்டப்படி செல்லாது, யாரும் ஏற்க வேண்டாம் என்றது. அடுத்த ஆண்டு 550-ஆவது தீர்மானம் அதையே இன்னும் கடுமையாகச் சொன்னது.

பாகிஸ்தான் போன்ற நட்பு நாடுகள்கூட ஏன் ஏற்கவில்லை?

541-ஐ எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு பாகிஸ்தான். ஜோர்டான் வாக்களிக்கவில்லை. அப்படி எதிர்த்த பாகிஸ்தானே பிறகு முறைப்படி அங்கீகரிக்கவில்லை. பாதுகாப்பு அவை 'செல்லாது' என்ற ஒன்றை ஏற்பதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டும். தன் நாட்டிலும் பிரிவினைப் பிரச்சினை வைத்திருப்பவர்கள் இன்னும் யோசிப்பார்கள். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு வடக்கைப் பார்வையாளராக வைத்திருக்கிறது, ஆனால் 'துருக்கிய சைப்ரஸ் அரசு' என்ற வேறு பெயரில். 2022-இல் துருக்கிய நாடுகள் அமைப்பு அதன் சொந்தப் பெயரிலேயே பார்வையாளராகச் சேர்த்தது. அதற்கு மேல் இல்லை.

செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோவை மட்டும் ஏராளமான நாடுகள் ஏற்றார்களே, அது இரட்டை வேடம் இல்லையா?

கொஞ்சம் இரட்டை வேடம்தான், அரசியலில் அது இல்லாமல் இருக்குமா? ஆனால் சட்ட வித்தியாசமும் உண்டு. 2010-இல் சர்வதேச நீதிமன்றம் கொசோவோ பற்றிக் கருத்துச் சொன்னபோது, தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவிப்பது மட்டும் சட்டத்துக்கு எதிரானது இல்லை என்றது. வட சைப்ரஸ் போன்ற அறிவிப்புகளைப் பாதுகாப்பு அவை கண்டித்ததற்குக் காரணம், அந்த அறிவிப்புகள் சட்டவிரோதப் படைபலம் போன்ற கடும் மீறல்களோடு பிணைந்திருந்ததுதான் என்றும் விளக்கியது. சைப்ரஸ் குடியரசோ கொசோவோவையும் இன்றுவரை ஏற்கவில்லை. அந்த வகையில் அவர்கள் நிலையில் முரண் இல்லை.

அங்கீகாரம் இல்லாவிட்டால் அன்றாட வாழ்க்கையில் என்ன ஆகும்?

தபாலில் இருந்து தொடங்கலாம். வடக்குக்கு நேரடி முகவரி கிடையாது. கடிதத்தில் 'மெர்சின் 10, துருக்கி' என்று எழுத வேண்டும். மெர்சின் எதிர்க்கரையில் இருக்கும் துருக்கி நகரம். தொலைபேசிக் குறியீடும் துருக்கியுடையதே. பணம் துருக்கி லிரா, துருக்கித் தலைநகர் அங்காராவில் விலைவாசி ஏறினால் இங்கேயும் ஏறும், இவர்களுக்கு அதில் பேச்சே கிடையாது.

எர்ஜான் விமான நிலையத்துக்கு வரும் விமானம் எங்கிருந்து கிளம்பினாலும் துருக்கியில் இறங்கி ஏறித்தான் வர முடியும். ஃபிஃபாவில் இடம் இல்லாததால் கால்பந்து அணிக்கு முறையான சர்வதேசப் போட்டி இல்லை. நாடற்றவர்களும் அங்கீகாரமற்றவர்களும் ஆடும் கோனிஃபா ஐரோப்பியக் கோப்பையை 2017-இல் தங்கள் மண்ணிலேயே நடத்தினார்கள்.

அதிகம் அடி வாங்கியது ஆரஞ்சும் எலுமிச்சையும். அன்று வடக்கின் முக்கிய ஏற்றுமதி அதுதான். 1983-க்குப் பிறகும் பிரிட்டன் வடக்கு அதிகாரிகள் கொடுத்த சான்றிதழோடு பழங்களை வாங்கிக்கொண்டிருந்தது. 1994-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், பயிர் நோய் இல்லை என்ற சான்றை சைப்ரஸ் குடியரசின் அதிகாரிகள்தான் தர முடியும் என்று தீர்ப்பளித்தது. ஒரு முத்திரையில் யார் பெயர் இருக்கிறது என்பதற்காகத் தோட்டக்காரர்கள் ஒரு சந்தையையே இழந்தார்கள்.

அப்படியானால் அது துருக்கியின் கைப்பாவைதானா?

மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றம் 1996-இல் டிட்டினா லோயிசிடூ என்ற கைரீனியாப் பெண்ணின் வழக்கில், வடக்கில் நடப்பதற்குத் துருக்கியே பொறுப்பு என்று சொல்லிவிட்டது. தன் நிலத்துக்குப் போக முடியாமல் தடுக்கப்பட்டவர் அவர். துருக்கி இழுத்தடித்து 2003-இல்தான் இழப்பீட்டைக் கட்டியது.

பல்லாயிரம் துருக்கிப் படையினர் அங்கே நிரந்தரமாக இருக்கிறார்கள். பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தால் அங்காரா அடைக்கிறது. 2015 முதல் குடிநீரே கடலுக்கடியில் தொங்கும் குழாய் வழியே துருக்கியிலிருந்து வருகிறது. இதெல்லாம் உண்மை. ஆனாலும் அங்கே தேர்தல் பொம்மைத் தேர்தல் இல்லை. ஆளும் தலைவர்கள் தோற்கிறார்கள், அங்காரா விரும்பாதவர்கள் ஜெயிக்கிறார்கள். துருக்கியிடமிருந்து கொஞ்சம் தள்ளி நில் என்று சொல்லும் துருக்கிய சைப்ரஸ்காரர்கள் நிறைய. 'கைப்பாவை' என்ற சொல் இவர்களையெல்லாம் அழித்துவிடுகிறது.

ஒரு முறை சேர்ந்துவிட இருந்தார்களாமே?

2004 ஏப்ரல் 24. ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் தந்த திட்டத்தின் மேல் இரு பக்கமும் ஒரே நாளில் வாக்கெடுப்பு. வடக்கில் 65 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். தெற்கில் 76 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். அடுத்த வாரமே, மே 1-இல், சைப்ரஸ் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது.

தெற்கு மறுத்ததற்குக் காரணங்கள் இருந்தன: துருக்கிப் படை முழுதாகப் போகாது, தலையிடும் உரிமை தொடரும், எல்லாரும் வீடு திரும்ப முடியாது. ஆனால் வாக்கெடுப்பு முடிவு எதுவானாலும் ஒன்றியத்தில் இடம் உறுதி என்று முன்பே சொல்லிவிட்ட பிறகு, தெற்கு விட்டுக்கொடுக்க என்ன அவசரம்? ஐரோப்பியத் தலைவர்கள் செய்த பெரிய பிழை இது. ஆம் என்று சொன்ன வடக்கு வெளியே நின்றது.

வடக்கில் இருப்பவர்கள் ஐரோப்பியக் குடிமக்களா?

பலர் ஆம். தீவு முழுவதும் சட்டப்படி ஒன்றியத்தின் நிலம், வடக்கில் மட்டும் அதன் சட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. சைப்ரஸ் வம்சாவளித் துருக்கியர் தெற்கில் போய்க் கடவுச்சீட்டு வாங்கலாம், ஏராளமானோர் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் பெற்றோரில் ஒருவர் துருக்கியிலிருந்து வந்தவர் என்றால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இழுபறிதான். காதல் கல்யாணத்துக்கு இப்படியும் ஒரு விலை.

இரு பக்கமும் ஒத்துழைப்பதே இல்லையா?

தலைவர்கள் மேடையில் முறைத்துக்கொண்டாலும் கழிவுநீர் காத்திருக்காது அல்லவா! 1970-களின் கடைசியில் நிக்கோசியாவின் இரு மேயர்கள், தெற்கில் லெல்லோஸ் டெமெட்ரியாடிஸ், வடக்கில் முஸ்தஃபா அக்கின்ஜி, பொதுவான சாக்கடைத் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். இரு பக்கத்துக் கழிவும் வடக்கில் உள்ள ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அக்கின்ஜி பின்னாளில், 2015-இல், வடக்கின் ஜனாதிபதி ஆனார்.

2011 ஜூலையில் தெற்கில் ஒரு கடற்படைத் தளத்தில் வெடிமருந்து வெடித்து, பக்கத்தில் இருந்த முக்கிய மின் நிலையமே நாசமானது. அப்போது தெற்கு மின்சாரம் வாங்கியது வடக்கிடமிருந்து. 2003 ஏப்ரலில் பச்சைக் கோட்டைக் கடக்கும் வழிகள் திறந்த பிறகு மக்கள் போய் வருகிறார்கள், கடை, வேலை, பெட்ரோல் என்று. காணாமல் போனவர்களைத் தேடும் குழுவில் இரு சமூக விஞ்ஞானிகளும் ஒன்றாக வேலை செய்கிறார்கள். பட்டியலில் பாதிக்கு மேற்பட்டவர்களின் எலும்புகளை அடையாளம் கண்டு குடும்பங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

வரோஷா என்ற பேய் நகரம் இன்னும் மூடியே இருக்கிறதா?

முழுதாக இல்லை. கிழக்குக் கரையில் உள்ள ஃபமகுஸ்தா நகரின் இந்தக் கடற்கரைப் பகுதி 1974-க்கு முன் பெரிய சுற்றுலாத் தலம். ஓடிப்போன மக்களுக்குத் திரும்ப வழியில்லாமல் துருக்கிப் படை வேலி போட்டது. 550-ஆவது தீர்மானம் பழைய குடிகள் தவிர வேறு யாரையும் அங்கே குடியேற்றக் கூடாது என்கிறது. 2020 அக்டோபரில் வடக்கு நிர்வாகம் கடற்கரையையும் சில தெருக்களையும் திறந்துவிட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் இடிந்த ஓட்டல்களுக்கு நடுவே வாடகைச் சைக்கிள் ஓட்டுகிறார்கள். சொந்த வீட்டை வெளியே நின்று பார்க்கும் முதியவர்களும் அதே தெருவில் வருகிறார்கள்.

இந்தியாவின் நிலை என்ன?

சைப்ரஸ் குடியரசின் பக்கம், தடுமாற்றமே இல்லாமல். மக்காரியோஸ் அணிசேரா இயக்கத்தில் நேருவோடு இருந்தவர். காஷ்மீர் விஷயத்தில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் பேசுவதும் ஒரு காரணம். 2025 ஜூனில் பிரதமர் மோடி நிக்கோசியா போனார்.

ஐ.நா. படையின் முதல் தளபதி இந்தியரான கியானி. அவருக்குப் பின் வந்தவர் முன்னாள் தரைப்படைத் தலைவர் கே.எஸ். திம்மையா. 1965 டிசம்பரில் பணியில் இருக்கும்போதே சைப்ரஸில் இறந்தார், அவருக்காக அந்நாடு தபால்தலை வெளியிட்டது. 1974 போரின்போது தளபதியாக இருந்த பிரேம் சந்தும் இந்தியர்தான்.

இப்போது பேச்சு எந்த நிலையில் இருக்கிறது?

ஐ.நா. ஏற்கும் சட்டகம் 1977, 1979 உடன்பாடுகளிலிருந்து வளர்ந்தது: இரு மண்டலம், இரு சமூகம், ஒரே கூட்டாட்சி. 2017-இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில் மிக நெருங்கி வந்து முறிந்தது. 2020-இல் வடக்கின் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற எர்சின் தத்தார் கூட்டாட்சியே வேண்டாம், இரு நாடுகள்தான் என்றார், துருக்கியும் அதையே சொல்கிறது. 2025 அக்டோபரில் அவரை துஃபான் எர்ஹுர்மான் தோற்கடித்தார், 60 சதவீதத்துக்கு மேல் வாக்கு. இவர் கூட்டாட்சிப் பேச்சுக்குத் தயார் என்பவர். அங்காரா எவ்வளவு தூரம் விடும் என்பதுதான் கேள்வி.

வடக்கில் படிக்க இடம் வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். போகலாமா?

அங்கே பல்கலைக்கழகங்கள் நிறைய, கட்டணம் குறைவு, ஆப்பிரிக்காவிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். ஆனால் 'ஐரோப்பாவில் படிப்பு' என்று ஏஜென்ட் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம். அந்த அனுமதியை வைத்து ஐரோப்பாவில் எங்கும் போக முடியாது. எர்ஜான் வழியாக இறங்குவது தெற்கின் சட்டப்படி முறையற்ற நுழைவு, பச்சைக் கோட்டைத் தாண்ட விடமாட்டார்கள். ஏதாவது சிக்கல் என்றால் வடக்கில் இந்தியத் தூதரகம் கிடையாது. பட்டம் இந்தியாவில் செல்லுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அங்கே கடலோர வீடு மலிவு என்று விளம்பரம் வருகிறதே?

மலிவாக இருப்பதற்குக் காரணம் பத்திரத்தில் இருக்கிறது. வடக்கின் தனியார் நிலத்தில் பெரும் பகுதி 1974-இல் ஓடிய கிரேக்கர்களுடையது. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், அப்படிப்பட்ட நிலத்தில் வீடு கட்டிய ஒரு பிரிட்டிஷ் தம்பதிக்கு எதிராகத் தெற்கின் கோர்ட் கொடுத்த தீர்ப்பைப் பிரிட்டனிலும் அமல்படுத்தலாம் என்றது. சைப்ரஸ் குடியரசில் 2006 முதல் இது குற்ற வழக்கும்கூட. 2024-இலிருந்து கட்டுமானத் தொழிலதிபர்களையும் தரகர்களையும் கைது செய்து சிறையில் வைக்கிறார்கள். பழைய உரிமையாளர்கள் இழப்பீடு கேட்க வடக்கில் ஒரு சொத்து ஆணையம் இருக்கிறது, 2010-இல் மனித உரிமை நீதிமன்றமும் அதைச் செல்லுபடியாகும் வழி என்று ஏற்றது. ஆனால் உங்கள் பெயரில் இருக்கும் பத்திரத்துக்கு அது காப்பு ஆகாது. வாங்கியே தீருவேன் என்றால், அந்த மனை 1974-க்கு முன் யார் பெயரில் இருந்தது என்று முதலில் கேளுங்கள்.